மூன்றாம் குளத்து மடவை

இறால் குளத்துக்குப் போகிறவனைக் காலைக் கழுவச் சொல்லும் ஆளை எங்கள் வாய்க்கால் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அமல்ராஜ் பண்ணை வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து, அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர் கலக்கி வைத்திருந்தான். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றி அதில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதிகாரி வந்தாலும் அதேதான். முதல் தடவை குஞ்சு விட்ட அன்றைக்கு மந்திரிக்க வந்த பாதிரியாரையும் அவன் விடவில்லை. "எனக்கே ஞானஸ்நானமாப்பா" என்று சிரித்துக்கொண்டே அவரும் காலை முக்கினார். ஊதாக் காலோடு கரையில் நின்று செபம் சொல்லி முடித்து, தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். இவன் குறுக்கே போய், "ஃபாதர், கரையில தெளிங்க. கொளத்துக்குள்ள வெளித்தண்ணி வேணாம்" என்றான். அவன் பொண்டாட்டி ஜெனிபர் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் மணமேல்குடியில் இறால் தீவனக் கடை வைத்திருக்கிறேன். பெயர் சொர்ணவல்லி. வாய்க்கால்காரர்கள் எல்லோருக்கும் அக்கா. யார் குளத்தில் இறால் நன்றாகத் தின்கிறது, யார் குளத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதெல்லாம் கடையில் மூட்டை போகிற வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அமல்ராஜைப் பற்றி இந்தப் பக்கம் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிறுக்கன் என்பார்கள், திமிர் பிடித்தவன் என்பார்கள். திமிர் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு நோய் கொண்டுவந்தவன் என்று சொல்கிறார்களே, அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அவனுக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். கடலுக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அப்பா சந்தனசாமி மழையை நம்பிக் கடலை போட்டவர். இவன் ஐடிஐ முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போய், பாலைவன ஓரத்தில் ஒரு பெரிய இறால் பண்ணையில் மோட்டார் பார்க்கிற வேலையில் இருந்தான். அங்கே ஒரு வருஷம் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணை மொத்தமும் நாறிப்போனது. அதற்குப் பிறகு விட்ட தண்ணீரையே சுத்தம் செய்து திருப்பி எடுத்து, குறைவாகக் குஞ்சு விட்டு, அந்தப் பண்ணையை மறுபடி எழுப்பியதைக் கூட நின்று பார்த்தவன். அந்தக் கிறுக்கு அங்கேதான் பிடித்திருக்க வேண்டும். ஊருக்கு வந்தவன், ஜெனிபருக்குப் பங்காக வந்த நிலத்தை விற்று இங்கே பக்கம் பக்கமாக இருந்த மூன்று குளங்களை வாங்கினான். கீரனூரில் டீச்சராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டுக் கரையில் தகரம் போட்ட வீட்டுக்குக் குடி வந்தாள்.

எங்கள் வாய்க்காலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து உள்ளே வருகிற ஒரே வாய்க்கால். ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். இரண்டு கரையிலும் இறால் குளங்கள். எல்லோரும் அதிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள், எல்லோரும் அதில்தான் கழிவைத் திறந்துவிடுகிறார்கள். தின்றது போக மிஞ்சிய தீவனம், இறாலின் கழிவு, குளத்தின் அடியில் படிந்த கருப்புக் கசடு எல்லாம் அதில்தான். ஒருவன் கழித்த தண்ணீரை அடுத்தவன் மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொள்கிறான். அழுகிய முட்டை வாடை அடிக்கும். முன்னெல்லாம் அங்கே நண்டு பிடிக்க வந்த பெண்கள் இப்போது வருவதில்லை. வந்தாலும் நண்டு இல்லை.

அமல்ராஜ் வாங்கிய மூன்றில் மூன்றாவது குளம்தான் பெரியது. அதில் அவன் இறால் விடவே இல்லை. மற்ற இரண்டு குளத்துக் கழிவும் முதலில் அங்கே போகும். கசடு அடியில் தங்கும். அந்தக் கசட்டையும் பாசியையும் மேய்வதற்கு மடவை மீன் குஞ்சு விட்டான். கரையோரம் அலையாத்திக் கன்றுகளை நட்டான். தெளிந்த தண்ணீரை மறுபடி இரண்டு குளத்துக்கும் ஏற்றிக்கொள்வான். வாய்க்காலுக்கு அவன் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு அழுக்குப் போகாது.

"இருக்குறதுலயே பெரிய கொளத்தைச் சும்மா போட்டு வச்சிருக்காருக்கா" என்று ஜெனிபர் கடையில் வந்து புலம்புவாள். "கேட்டா, மத்த ரெண்டுக்கும் அதுதான் கிட்னிங்கிறாரு."

குஞ்சும் மற்றவர்கள் விடுவதில் பாதிதான் விட்டான். அதனால் எனக்குத்தான் நஷ்டம். "தம்பி, தீவனத்தை இப்படி மருந்து மாதிரி வாங்கிட்டுப் போனா நான் எப்படிக் கடை நடத்துறது?" என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"தீவனம் கொறைஞ்சாத்தான்க்கா கசடு கொறையும்."

"என் யாவாரமும் சேந்துல்ல கொறையுது."

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். எதற்கும் பதில் வைத்திருப்பான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். டீக்கடையில் நிற்கிறவனைப் பிடித்துத் தண்ணீரில் கலந்திருக்கும் காற்றைப் பற்றிப் பாடம் எடுப்பான். சொல்வது சரியாக இருக்கும், சொல்கிற தொனிதான் ஆளை அடிக்கத் தூண்டும். ஆனால் அவன் குளத்தில் பிடிப்பு ஒவ்வொரு தடவையும் நன்றாக வந்தது. அளவில் குறைவு, ஆனால் ஒரே சீராக, கண்ணாடி மாதிரி இறால். வாய்க்காலில் மற்றவர்களுக்கு ஒரு தடவை வந்தால் இரண்டு தடவை போகும். அதைப் பார்த்துவிட்டாவது ஒருவன் அவனைப் போலச் செய்வான் என்று நினைத்தேன். ஒருவனும் செய்யவில்லை. பெரிய குளத்தை மீனுக்கு விட எவனுக்கு மனசு வரும்?

வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவர் ரெங்கராஜ். கடல் முகத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலின் தலைமாட்டில் அவருடைய குளங்கள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். என் புருஷன் செத்தபோது கடைக்கு இடம் கொடுத்தவர் அவர்தான். இன்றைக்கும் நான் உட்கார்ந்திருப்பது அவருடைய கட்டடத்தில்தான். இதையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவள் இல்லை.

ஒரு சங்கக் கூட்டத்தில் அமல்ராஜ் எழுந்து ஒரு யோசனை சொன்னான். ஒவ்வொரு பண்ணை மதகிலும் ஒரு சவுக்குக் கம்பம் நட வேண்டும். நோய் வந்தால் குளத்துக்காரன் அதில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணியைப் பார்த்ததும் மற்றவர்கள் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். நோய்க் குளத்துக்காரன் தண்ணீரை வெளியே விடாமல், பிளீச்சிங் போட்டுக் கிருமி சாகும்வரை வைத்திருக்க வேண்டும்.

"தம்பி சொல்றது நல்ல விஷயம். கட்டிருவோம்" என்றார் ரெங்கராஜ். எல்லோரும் கை தட்டினார்கள். அமல்ராஜே ஜவுளிக்கடையில் சிவப்புத் துணி எடுத்து, கிழித்து, ஆளுக்கொன்று கொடுத்தான். கம்பமும் நட்டார்கள். துணிதான் வேறு வேலைக்குப் போனது. லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கு ஒருவன் கட்டினான். ரெங்கராஜ் வீட்டில் கார் துடைத்தார்கள். கரை ரோட்டில் வியாபாரிகள் போய்வந்துகொண்டிருப்பார்கள். துணியைப் பார்த்தால் விலையை ஒரே அடியாக அடிப்பார்கள், அல்லது வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதனால் நோய் தெரிந்த உடனே சத்தம் காட்டாமல் பிடித்து விற்றுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கம்பம் நட்ட பிறகும் அந்த வழக்கம் அப்படியேதான் இருந்தது. ஊரே கை தட்டியதை நிஜம் என்று நம்பிய ஒரே ஆள் அமல்ராஜ்.

பங்குனி வெயில் ஏறிய சமயம். ரெங்கராஜ் குளத்துக்குக் காலையிலேயே ஐஸ் லாரி வந்தது. "நல்ல வெலை வந்துச்சு, பிடிச்சுட்டேன்" என்று கேட்டவர்களிடம் சொன்னார். மதகில் வலை கட்டித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டார். மறுநாள் மத்தியானம் அவர் வாங்கி அடுக்கியிருந்த தீவன மூட்டைகள் பிரிக்காமல் என் கடைக்குத் திரும்பி வந்தன. பிடிக்கப் போகிறவன் இத்தனை மூட்டை வாங்கி வைத்திருக்க மாட்டான். எனக்குச் சுருக்கென்றது. உடனே அமல்ராஜுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வாய்க்கால்ல தண்ணி எதுவும் எடுத்துடாத."

"நேத்தே எடுத்துட்டேன்க்கா. வெயில்ல கொளத்துல உப்பு ஏறிப்போச்சு, மூணாவதுலயும் தண்ணி போதல. ஏன்?"

"நேரா இறால் கொளத்துக்கா எடுத்த?"

"கம்பத்துல துணி இல்லையேக்கா" என்றான்.

பாதிரியாரின் தீர்த்தத்தைக்கூடக் குளத்துக்குள் விடாதவன். எப்போதும் மூன்றாம் குளத்தில் தேக்கி வைத்துத்தான் தண்ணீர் ஏற்றுவான். அந்த ஒரு நாள் கம்பத்தைப் பார்த்து நம்பிவிட்டான். அவன் போட்ட சட்டம், அவனே ஏமாந்தான்.

சில நாளில் இறால்கள் கரையோரம் ஒதுங்க ஆரம்பித்தன. நான் பார்க்கப் போனபோது ஒன்றைக் கையில் எடுத்து ஓட்டை உரித்து வெளிச்சத்தில் காட்டினான். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதற்குள் மூக்கில் வேர்த்து ஒரு வியாபாரி வண்டியோடு வந்து நின்றான். அன்றைக்கே மதகைத் திறந்து பிடித்துக் கொடுத்தால், சாகாமல் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

"தண்ணியத் தொறக்காம இழுவலை போட்டுப் பிடிச்சுத் தாரேன்" என்றான் அமல்ராஜ். "ஆனா துணி கட்டிட்டுத்தான் பிடிப்பேன்."

"துணி கட்டுனீங்கன்னா நான் வண்டியத் திருப்பிருவேங்க. நோய்க் கொளத்துச் சரக்குன்னு தெரிஞ்சா கம்பெனியில என்னை உள்ளயே விடமாட்டாங்க."

ஜெனிபர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலை. அவள் புருஷனுக்கு முன்னால் வந்து நின்று நிதானமாகக் கேட்டாள். "மேல இருக்குறவரு தொறந்துவிட்டாருல்ல. நீங்களும் தொறந்துவிடுங்க. கீழ இருக்குறவங்க நமக்கு என்ன செஞ்சாங்க? ஒங்களப் பாத்துச் சிரிச்சாங்க. அதைத் தவிர என்ன செஞ்சாங்க?"

"அவங்க கொளத்துல இறால் இன்னும் உசுரோட இருக்கு ஜெனி."

"நம்ம பொழப்பு?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் வீட்டுக்குள் போய்ச் சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு வந்தான். மடிப்புக் கலையாமல் இருந்தது. கம்பத்தில் கட்டிய முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. வியாபாரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அமல்ராஜ் இரண்டு குளத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினான். செத்து மிதந்ததைக் காக்கை தூக்கிக்கொண்டு போய் அடுத்த குளத்தில் போட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றாக அரித்து எடுத்து, குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினான். கடைசியில் ஜெனிபரும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினாள். இறங்குவதற்கு முன் காலைத் தொட்டியில் முக்கினாள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

துணியைப் பார்த்ததும் கீழே இருந்தவர்கள் எல்லோரும் மதகை அடைத்துக்கொண்டார்கள். அவர்கள் குளங்கள் தப்பித்தன. ஆனால் வாய்க்காலில் நோய் என்கிற பேச்சு பரவி, வியாபாரிகள் எல்லோருக்கும் விலையைக் குறைத்தார்கள். அந்தக் கோபம் சங்கக் கூட்டத்துக்கு வந்தது. ஒருவன் எழுந்து, "துணி கட்டுனது யாரு? அமல்ராஜ். வேற யாரு மதகுலயாச்சும் துணியப் பாத்தீங்களா? இல்ல. அப்ப நோயி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டான். கேட்டவன் குளம் அந்தத் துணியால் தப்பித்த குளம். இன்னொருவன், "கழிவத் தேக்கி வச்சு அதுல கண்ட மீனையும் வளக்குறாரு. அதுல வராம வேற எதுல வரும்?" என்றான். ரெங்கராஜ் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "பாவம், தம்பிக்கு நேரம் சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து திரும்பி வந்த மூட்டைகளைப் பற்றிச் சொன்னேன். ரெங்கராஜ் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சொர்ணம், ஒன் வீட்டுக்காரர் போனப்ப ஒனக்கு எடம் குடுத்தது யாரு?"

"நீங்கதான். அதுக்காகத் திரும்பி வந்த மூட்டைய நான் பாக்கலன்னு சொல்ல முடியுமா?"

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அமல்ராஜ் எழுந்து தண்ணீர், கிருமி என்று ஆரம்பித்தான். உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அன்றைக்கே அவன் மதகை மண்மூட்டை அடுக்கி அடைத்தார்கள். வாய்க்கால் தண்ணீர் இல்லாவிட்டால் இறால் குளம் வெறும் பள்ளம்தான். ஜெனிபர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீரனூருக்குப் போய் மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். அவன் மட்டும் கரையில் இருந்தான். இரண்டு குளமும் வெடித்துக் கிடந்தன. மூன்றாம் குளத்தில் மட்டும் மழைத் தண்ணீரும் பழைய தண்ணீரும் சேர்ந்து கிடந்தது, மடவையும் கிடந்தது.

அடுத்த வருஷம் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று சங்கத்துக்கு ஆள் அனுப்பியது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறார்களாம். கழிவைச் சுத்தம் செய்கிற பண்ணைகளுக்குத்தான் நல்ல விலையாம். மறுநாளே ரெங்கராஜ் அமல்ராஜைத் தேடிப் போனார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் காலை ஊதாத் தண்ணீரில் முக்கினார். மூன்றாம் குளத்தைச் சங்கத்தின் பொதுக் குளமாக்குவோம், எல்லோர் கழிவும் அங்கே வந்து தெளிந்துதான் வாய்க்காலுக்குப் போகும், அதற்கென்று தனி ஓடை வெட்டுவோம், ஓடை முடிந்ததும் தம்பியின் மதகையும் திறந்துவிடுவோம் என்றார்.

அவன் என் கடைக்கு ஓடி வந்து இதைச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எல்லாத் தண்ணியும்க்கா. மொத்த வாய்க்காலும்" என்றான்.

"அந்த ஆளையா நம்புற?" என்றேன்.

"ஜெனியும் அதையேதான் சொல்றா. ஆனா ஓடைய வெட்டிட்டாப் போதும்க்கா. வெட்டுனதுக்கப்புறம் யாரு நெனச்சாலும் தண்ணி அங்கிட்டுத்தானே போகும்."

குளத்தைக் கொடுத்தான். அந்த ஊதாத் தொட்டியையும் கொடுத்தான். ஓடை முடிகிறவரை சும்மா இருக்க முடியாதே என்று கீரனூருக்குப் போய், அங்கிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சியில் ஒரு பெரிய கடைக்கு நைட் செக்யூரிட்டியாகப் போனான். வாரத்துக்கொரு தடவை எனக்குப் போன் செய்வான். ஓடை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பான்.

ஓடை வெட்டினார்கள். மூன்றாம் குளத்தில் ஆரம்பித்து, ரோட்டில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை அழகாக வெட்டி, சிமெண்ட் பூசினார்கள். ரெங்கராஜின் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அது நின்றுவிட்டது. வேறு எந்தக் குளத்தோடும் சேரவில்லை. பெரிய பலகை மட்டும் வைத்தார்கள், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் என்று. கழிவு வழக்கம்போல வாய்க்காலுக்குத்தான் போனது. "ரெண்டு நாள்ல சேத்துருவோம் சொர்ணம்" என்று என்னிடம் சொன்னார் ரெங்கராஜ். அதைத்தான் நானும் போனில் அமல்ராஜிடம் சொன்னேன். அவர் சொன்னார் என்று சொன்னேன், நான் நம்புகிறேன் என்று சொல்லவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்றைக்குப் பந்தல் போட்டார்கள். சங்கத்தில் பெண்களும் உண்டு என்று காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் ஊதாத் தண்ணீரில் காலை முக்கி, அந்தக் காலைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அலையாத்திகளைத் தடவிப் பார்த்தார்கள். நான் அவற்றைக் கையளவாகப் பார்த்திருக்கிறேன், இப்போது ஆள் உயரம். ஒரு வெள்ளைக்காரம்மா கம்பத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். ரெங்கராஜ் சொன்னதை மொழிபெயர்ப்புக்காரப் பையன் இங்கிலீஷில் சொன்னான். "நோய் வந்தா துணி கட்டுறதுக்குங்க. எனக்கு இதுவரைக்கும் கட்ட வேண்டிய அவசியமே வந்ததில்ல." அந்தம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள். இந்தக் குளத்தை யார் இப்படி ஆக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

மத்தியானம் வாழை இலை போட்டுச் சாப்பாடு. குழம்பு ஒன்று, வறுவல் ஒன்று. "நம்ம கொளத்து மடவைங்க. காலையிலதான் வலை போட்டோம், ஒண்ணு விடாம அள்ளிட்டோம்" என்று ரெங்கராஜ் அவர் கையாலேயே பரிமாறினார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். சாப்பிடாமல் போகிறீர்களே என்று யாரோ கேட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

சாயங்காலம் அமல்ராஜ் கூப்பிட்டான். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான் போல, பின்னால் ஒரே இரைச்சல்.

"வந்துட்டுப் போயிட்டாங்களாக்கா?"

"போயிட்டாங்க. ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."

"ஓடைய எப்பச் சேக்குறாங்களாம்?"

"இனிமே சேக்க மாட்டாங்க தம்பி. அவங்களுக்கு வேண்டியது கெடைச்சுருச்சு."

"மடவைங்க இருக்குல்ல?" என்றான்.

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "அள்ளிட்டானுங்க. வந்தவங்களுக்குக் கொழம்பு வச்சுட்டானுங்க" என்றேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

"என்ன பெருசுக்கா இருந்துச்சு?" என்று கேட்டான்.

"என் மொழங்கை நீளம் இருக்கும். தலை மட்டுமே எலை கொள்ளல."

"அம்புட்டா வளந்துருச்சு" என்றான். அவன் குரலில் இருந்தது சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பத் தண்ணி நல்லாத்தான் இருந்துருக்குக்கா."

ஆமாம் தம்பி என்றேன். திருச்சி பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.